எம்ஐடிஎஃப் படியெடுத்தல் காரணி

எம்ஐடிஎஃப் என்பது முதுகெலும்புள்ள விலங்குகளில் நிறமியணுக்கள் உருவாவதையும் உயிர்த்திருப்பதையும் நிறமி ஆக்குவதையும் கட்டுப்படுத்தும் ஒரு படியெடுத்தல் காரணி ஆகும். 'மைக்ரோப்தால்மியா சார்ந்த படியெடுத்தல் காரணி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் இப்பெயர் அமைந்தது. மைக்ரோப்தால்மியா என்பது கண் இயல்பைவிடச் சிறுத்திருக்கும் நிலை. மனிதரில் இப்புரதத்துக்கான மரபணு 3ஆம் குரோமோசோமின் குட்டைப் புயத்தில் அமைந்துள்ளது.

கருவில் இக்காரணி குறைந்தால் தோலும் முடியும் வெளுக்கும். காது கேளாமற் போவதும் உண்டு. வளர்ந்த உடலில் இது நிலைகுலைந்தால் மெலனோமா எனப்படும் தோற்புற்றுநோய்க்குத் துணைபோகும். இவ்விரு முகங்களில் முதலாவதைப் புரிந்துகொள்வதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அது விருதுநகர் மாவட்டத்தின் பால்வெள்ளை நிற இராசபாளையம் நாய்.

படியெடுத்தல் காரணிகள்

உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் உள்ளது. ஈரல் உயிரணு ஈரலாகவும் தோல் உயிரணு தோலாகவும் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மரபணுக்கள் படிக்கப்படுவதே. எந்த மரபணு, எப்போது, எவ்வளவு படியெடுக்கப்பட வேண்டும் என்பதை டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு முடிவுசெய்யும் புரதங்களே படியெடுத்தல் காரணிகள். இவற்றுள் சில கருவளர்ச்சியில் ஓர் உயிரணு இன்னதாக வேண்டும் என்னும் அடையாளத்தையே வழங்குகின்றன. அத்தகையவை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும். பாக்ஸ், சாக்ஸ், ஹாக்ஸ் ஆகிய குடும்பங்கள் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

இவற்றின் வேலை பிறப்போடு முடிந்துவிடுவதில்லை. வளர்ந்த திசுவிலும் அந்த அடையாளத்தைக் காத்துவருவது பெரும்பாலும் அதே காரணிதான். ஆகவே புற்றுநோயில் அது மீண்டும் தலைகாட்டுவது வியப்பன்று. பெருகவும், இடம்பெயரவும், சாவைத் தவிர்க்கவும் கருவின் உயிரணுக்கள் அறிந்திருந்த வித்தைகள் அனைத்தும் புற்றுநோய் உயிரணுவுக்கும் தேவைப்படுகின்றன.

கண்டுபிடிப்பு

1942இல் செருமானிய மரபியலாளர் பவுலா கெர்ட்விக், எக்சு-கதிர் செலுத்தப்பட்ட எலிகளின் வழித்தோன்றல்களில் கண் சிறுத்தும் உடல் வெளுத்தும் இருந்த சிலவற்றைப் பற்றி எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலத்தில் இதே மரபணுவில் வெவ்வேறு சடுதிமாற்றங்கள் கொண்ட பல எலி வகைகள் ஆய்வகங்களில் சேர்ந்தன. சிலவற்றுக்கு வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டுமே இருந்தது. சில முற்றிலும் வெளுத்து, காது கேளாமல், எலும்புகள் இறுகிப்போய் இளமையிலேயே இறந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே மரபணு என்பது தெரிந்திருந்தும், அது எந்தப் புரதத்தை ஆக்குகிறது என்பது புலப்படவில்லை.

விடை 1993இல் கிடைத்தது. அதிலும் தற்செயலுக்குப் பங்குண்டு. வேறு நோக்கத்துக்காக எலியின் டி.என்.ஏ.க்குள் செலுத்தப்பட்ட ஓர் அயல் மரபணு, இம்மரபணு இருந்த இடத்தில் போய் விழுந்து அதைக் குலைத்துவிட்டது. பிறந்த குட்டிகள் வெள்ளையாகவும் சிறுகண்ணுடனும் இருந்தன. அயல் மரபணு விழுந்த இடத்தைத் தேடிச்சென்ற ஆய்வாளர்கள் எம்ஐடிஎஃப்பைக் கண்டெடுத்தனர். மறு ஆண்டே மனிதரின் இணை மரபணுவும் அறியப்பட்டது.

அமைப்பும் செயற்பாடும்

ஒரே மரபணுவின் வெவ்வேறு தொடக்க இடங்களிலிருந்து படியெடுக்கப்படுவதால் எம்ஐடிஎஃப்புக்குப் பல வடிவங்கள் உள்ளன. நிறமியணுக்களில் காணப்படுவது 'எம்' வடிவம். இது 419 அமினோ அமிலங்களால் ஆனது. ஏனைய வடிவங்கள் விழித்திரையின் நிறமிப்படலம், எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள், ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் உயிரணுக்கள், இதயத்தசை முதலியவற்றில் செயல்படுகின்றன. கடும் சடுதிமாற்றம் கொண்ட எலிகளின் எலும்புகள் இறுகிப்போனது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இப்புரதம் தனியாக வேலை செய்வதில்லை. இரண்டு மூலக்கூறுகள் பல்சக்கரப் பல்லைப்போல் கோத்துக்கொண்டு, டி.என்.ஏ.யில் 'சி-ஏ-சி-ஜி-டி-ஜி' அல்லது அதையொத்த ஆறெழுத்து வரிசையைக் கவ்வுகின்றன. இவ்வாறு தூண்டப்படும் மரபணுக்களுள் மெலனின் ஆக்கத்தின் முதற்படியை நடத்தும் டைரோசினேசு முக்கியமானது. உயிரணு தானே மடிவதைத் தடுக்கும் பிசிஎல்2, உயிரணுப் பிரிவை முன்னெடுக்கும் சிடிகே2 ஆகியனவும் இதன் கட்டளைக்கு உட்பட்டவையே. நிறம் கொடுப்பதும், சாகாமல் காப்பதும், பெருகச் செய்வதும் ஒரே கையில் இருக்கின்றன. மெலனோமா பற்றிய பகுதியில் இதன் விளைவைக் காணலாம்.

எம்ஐடிஎஃப்பின் 'எம்' வடிவத்தைத் தூண்டுவன பாக்ஸ்3, சாக்ஸ்10 என்னும் வேறிரு வளர்ச்சிக் காரணிகள்.

கருவில் நிறமியணுக்களின் பயணம்

நிறமியணுக்கள் தோலில் பிறப்பவையல்ல. கருவின் முதுகுப்புறத்தில் நரம்புக்குழல் மூடும்போது அதன் விளிம்பில் நரம்பு முகடு என்றொரு உயிரணுத் தொகுதி தோன்றுகிறது. 1868இல் வில்லெம் கிஸ் இதைக் கோழிக் கருவில் கண்டு விவரித்தார். முகத்தின் எலும்புகள் சில, புற நரம்புகள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி ஆகியவற்றுடன் நிறமியணுக்களும் இங்கிருந்தே கிளம்புகின்றன. எம்ஐடிஎஃப் இயக்கப்பட்ட உயிரணுக்கள் நிறமியணுவாகும் பாதையில் இறங்கி, முதுகிலிருந்து விலாவழியாக வயிற்றை நோக்கியும், கால் நுனி, வால் நுனி, முகம் ஆகியவற்றை நோக்கியும் பரவுகின்றன.

புறப்பட்ட உயிரணுக்கள் குறைவாகவோ வழியில் மடிவதாகவோ இருந்தால் கடைசியாகச் சென்றடைய வேண்டிய இடங்களே முதலில் வெறுமையாக நிற்கும். பசுவின் நெற்றிச் சுட்டி, நாயின் வெள்ளை மார்பு, வெள்ளைப் பாதம், வெள்ளை வால்நுனி ஆகியவற்றைத் தெருவில் அன்றாடம் காண்கிறோம். பற்றாக்குறை மிகுந்தால் உடல் முழுவதுமே வெளுக்கும்.

வெண்மை எல்லாம் இவ்வகைப்பட்டதன்று. பிறவி வெளிறலில் (ஆல்பினிசம்) நிறமியணுக்கள் தமக்குரிய இடங்களில் இருக்கவே செய்கின்றன. டைரோசினேசு போன்ற ஒரு நொதி பழுதுபட்டதால் அவற்றால் மெலனினை ஆக்க இயலவில்லை. இங்கோ அணுக்களே இல்லை. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, 1988இல் அமைக்கப்பட்டு 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும் காட்டில் வாழும் சாம்பல் நிற மலை அணில் மூன்றாவது வகைக்கு எடுத்துக்காட்டு. கருமுடிகளின் நுனி வெளிறியிருப்பதால்தான் அதற்கு நரைத்த தோற்றம். நிறமி ஏற்றப்பட்ட அளவு முடிக்குள்ளேயே மாறுகிறதேயன்றி நிறமியணுப் பஞ்சம் அங்கில்லை.

இராசபாளையம் நாயும் காது கேளாமையும்

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏறத்தாழ 11 கி.மீ. இடைவெளியில் உள்ள ஊர்கள். பஞ்சாலைகளுக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன இவ்வட்டாரம், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாயினங்களுக்கும் பெயர்பெற்றது. அவற்றுள் இராசபாளையம் நாய் பாளையக்காரர் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு உள்நாட்டு நாயினங்களின் அஞ்சல்தலைகளில் இதுவும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் முதன்முதலாகப் பதிவுசெய்த மூன்று நாயினங்கள் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவை.

பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உயர்ந்த இராசபாளையம் என்பது வளர்ப்போர் வழக்கு. ஆனால் இவ்வினத்தில் கறுப்பு, பழுப்பு, புள்ளி நிறக் குட்டிகளும் பிறப்பதுண்டு. முற்காலத்தில் அவற்றை ஒதுக்கிவிடுவதும் அழித்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. வெள்ளையையே வெள்ளையோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்ததன் மறுபக்கமாக, பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் இவ்வினத்தில் அடிக்கடி பிறக்கின்றன.

வெள்ளை முடிக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? உட்காதின் நத்தைச்சுருளின் பக்கச்சுவரில் இரத்தக்குழாய்கள் செறிந்த ஒரு பட்டை உள்ளது. அதன் நடுவடுக்கில் இருப்பவை நரம்பு முகட்டிலிருந்து வந்த நிறமியணுக்களே. இங்கு அவற்றின் பணி நிறம் கொடுப்பதன்று. நத்தைச்சுருளின் உள்நீர்மத்தில் பொட்டாசியம் மிகுந்திருக்கவும், ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் நேர் மின்னழுத்தம் நிலவவும் அவையே உதவுகின்றன. ஒலியை நரம்புத் தூண்டலாக மாற்றும் மயிரணுக்களுக்கு மின்கலம் போன்றது இவ்வழுத்தம். நிறமியணுக்கள் காதைச் சென்றடையாவிட்டால் அப்பட்டை சுருங்கும், மின்னழுத்தம் வீழும், பின்னர் மயிரணுக்கள் மடிந்துவிடும். நாய்க்குட்டியில் இச்சிதைவு பிறந்த மூன்று நான்கு வாரங்களில் நிகழ்கிறது. காதுத்துளை திறப்பதே ஏறத்தாழ இரண்டாவது வாரத்தில்தான் என்பதால், குட்டிக்கு ஒலி கேட்கக்கூடிய காலம் தொடங்கியவுடனேயே முடிந்துவிடுகிறது. மடிந்த மயிரணுக்கள் பாலூட்டிகளில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே இதற்கு மருந்து இல்லை.

கண்ணின் நிறமும் இங்கே ஒரு சான்று. கருவிழியின் முன்னடுக்கில் உள்ள நிறமி நரம்பு முகட்டு அணுக்களால் வருவது. பின்னடுக்கின் நிறமி மூளையிலிருந்து கிளைத்த கண்கிண்ணத்தினுடையது. முன்னடுக்கு வெறுமையானால் கண் நீலமாகத் தெரியும். டால்மேசியன் இனத்தில் நீலக்கண் நாய்களிடையே காது கேளாமை மிகுதி என்பது நிறுவப்பட்டுள்ளது. இராசபாளையத்தின் பொன்னிறக் கண்ணில் நிறமி இருப்பதால், அதன் வெண்மையைப் பிறவி வெளிறல் என்று சொல்வது பொருந்தாது. நொதி கெட்டு வரும் வெளிறலாயின் கண்ணும் வெளிறியிருக்கும். ஆனால் நிறமியணுக்கள் காதில் இருக்குமாதலால் செவிப்புலன் கெட்டிருக்காது. இங்கு நிலைமை தலைகீழாக உள்ளது.

வெள்ளைநாய்களில் எம்ஐடிஎஃப்பின் பங்கு 2007இல் வெளிப்பட்டது. சுவீடன், அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறத்தாழ இருபது பாக்சர் நாய்களின் மரபுத்தொகுதியை ஒப்பிட்டு, பின்னர் புல் டெரியர் இனத்தைக் கொண்டு தேடும் பகுதியைச் சுருக்கி, வெண்மைக்குரிய இடம் எம்ஐடிஎஃப் மரபணுவே என்று காட்டினர். புரதத்தின் அமைப்பில் மாற்றம் ஏதும் இல்லை. 'எம்' வடிவத்தின் தொடக்க இடத்துக்கு அருகே நுழைந்துகொண்ட ஒரு டி.என்.ஏ. துண்டும், அருகிலுள்ள வேறு நீள வேறுபாடுகளும், நிறமியணுக்களில் மட்டும் அதன் அளவைக் குறைக்கின்றன என்று கருதப்படுகிறது. அதனால்தான் இந்நாய்களுக்குக் கண் சிறுக்கவுமில்லை, எலும்பு இறுகவுமில்லை. இம்முடிவை இராசபாளையத்தின்மீது அப்படியே ஏற்றிச் சொல்வது முறையன்று. ஓரினத்தின் வெண்மைக்குரிய மாற்றத்தை அவ்வினத்திலேயே சோதித்துக் காணவேண்டும். எனினும் வெண்மையும் நிறமுள்ள கண்ணும் காது கேளாமையும் சேர்ந்து வருவது, நிறமியணுக்கள் இல்லாமையையே சுட்டுகிறது.

ஒரு காது மட்டும் கேளாத நாயை வளர்ப்பவர் பெரும்பாலும் அறிவதில்லை. கைதட்டினால் அது திரும்பிவிடும். மூளைத்தண்டின் மின்துலங்கலைத் தலைமேல் பொருத்திய மின்வாய்களால் அளக்கும் சோதனையே இதைக் காட்டும். குட்டிக்கு ஐந்து வாரம் ஆனதுமுதல் இதைச் செய்யலாம். இச்சோதனையில் தேறாதவற்றை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமையும், நிறக்குட்டிகளை இனத்துக்குப் புறம்பானவை என்று தள்ளாமையும் குறையைத் தணிக்கும் வழிகள். வெண்மையே இனத்தின் அடையாளம் என்று கொள்ளப்பட்டிருக்கும் வரை இரண்டாவது வழி எளிதன்று. அழகென்று போற்றப்படுவதும் குறையென்று வருந்தப்படுவதும் ஒரே உயிரணுவின் இல்லாமையால் வருபவை.

மனிதரில் பிறவிக் குறைபாடுகள்

நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை, நீலக்கண் அல்லது இரு கண்களும் இரு நிறம், பிறவிக் காது கேளாமை ஆகியவை சேர்ந்த நிலையை 1951இல் டச்சு மருத்துவர் வார்டன்பர்க் விரிவாக விவரித்தார். இதன் இரண்டாம் வகையைக் கொண்ட சில குடும்பங்களில் எம்ஐடிஎஃப் சடுதிமாற்றம் இருப்பது 1994இல் காட்டப்பட்டது. முதல், மூன்றாம் வகைகளுக்குப் பாக்ஸ்3 காரணம். நான்காம் வகையில் சிலருக்குச் சாக்ஸ்10 காரணம். அவ்வகையில் பெருங்குடலின் நரம்பணுக்களும் குறைபடும், ஏனெனில் அவையும் நரம்பு முகட்டின் பிள்ளைகளே.

வளர்ந்த தோலில்

வெயில் பட்டுத் தோல் கருப்பதும் இக்காரணியின் வழியாகவே. புறஊதாக்கதிரால் டி.என்.ஏ. சேதமுற்ற மேற்தோல் அணுக்கள் மெலனோகார்ட்டின் என்னும் இயக்குநீரை வெளியிடுகின்றன. அது அருகிலுள்ள நிறமியணுவின் ஏற்பியில் சேர, உள்ளே எம்ஐடிஎஃப்பின் அளவு உயர்கிறது. டைரோசினேசு பெருகி, மெலனின் மணிகள் ஆக்கப்பட்டு, மேற்தோல் அணுக்களுக்கு வழங்கப்படுகின்றன. அவை அணுக்கருவின்மேல் குடைபோல் கவிந்து டி.என்.ஏ.யைக் காக்கின்றன.

முடிக்காலில் நிறமியணுக்களின் தண்டணுக்கள் ஒதுங்கியிருந்து, ஒவ்வொரு முடி வளரும்போதும் புதிய நிறமியணுக்களை அனுப்புகின்றன. இத்தண்டணுக்கள் தீர்ந்துபோவதே நரைக்கு ஒரு முதன்மைக் காரணம் என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. எம்ஐடிஎஃப்பில் மெல்லிய குறையுடைய ஒருவகை எலி பிறக்கும்போது ஓரளவு நிறத்துடன் இருந்து வயது ஏற ஏற வெளுத்துப்போகிறது.

மெலனோமாவில்

நிறமியணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. இதில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் என்னும் மரபணு சடுதிமாற்றமுற்றுள்ளது என்பது 2002இல் தெரியவந்தது. ஆனால் அதே மாற்றம் தீங்கற்ற மச்சங்களிலும் மிகுதியாக உண்டு. பெரும்பாலான மச்சங்கள் புற்றாவதில்லை. எனவே பிராஃப் மட்டும் போதாது.

2005இல் லீவை காரவேயும் உடன் ஆய்வாளர்களும், உடலில் பரவிய மெலனோமாக்களில் 10 முதல் 20 விழுக்காட்டில் எம்ஐடிஎஃப் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதைக் கண்டனர். அத்தகைய நோயாளிகள் பிழைத்திருக்கும் காலமும் குறைவாக இருந்தது. பொதுவான புற்றுநோய் மரபணுக்கள் எந்தத் திசுவிலும் பெருக்கத்தைத் தூண்டக்கூடியவை. எம்ஐடிஎஃப்போ நிறமியணு மரபில் வந்த அணுவுக்கு மட்டுமே உயிர்நாடி. அம்மரபின் அணு கருவில் எதனால் உயிர்பிழைத்ததோ, புற்றான பின்னும் அதையே நம்பியிருக்கிறது. எனவே இத்தகைய மரபணுக்கள் மரபுவழி உயிர்காப்புப் புற்றுமரபணுக்கள் என்று வகைப்படுத்தப்பட்டன.

எம்ஐடிஎஃப் கூடினால் புற்று, குறைந்தால் நலம் என்று எளிமையாக முடித்துவிட முடியாது. அளவு மிக உயர்ந்தால் அணு நிறமி ஆக்கும் முதிர்ந்த நிலைக்குச் சென்று பிரிவதை நிறுத்துகிறது. நடுத்தர அளவில் விரைந்து பெருகுகிறது. தாழ்ந்த அளவில் பெருக்கம் தணிந்து, பக்கத்துத் திசுக்களுக்குள் ஊடுருவும் இயல்பு மேலோங்குகிறது. முற்றிலும் அற்றுப்போனால் அணு முதுமையடைகிறது அல்லது மடிகிறது. 2006இல் முன்வைக்கப்பட்ட இக்கருத்து, வானொலியின் ஒலியளவுத் திருகைப்போல் எம்ஐடிஎஃப்பைக் காண்கிறது. ஒரே கட்டிக்குள் உயர்நிலை அணுக்களும் தாழ்நிலை அணுக்களும் கலந்தே இருப்பதை, அணு அணுவாகப் படித்த 2016ஆம் ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது.

மருத்துவத்தில் இதன் விளைவு கசப்பானது. பிராஃப்பைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது பலரின் கட்டிகள் சில வாரங்களில் கரைந்தன. மாதங்களில் பலருக்கு நோய் திரும்பியது. எம்ஐடிஎஃப் தாழ்ந்த அணுக்கள் மருந்தைத் தாங்கி எஞ்சுவதும், வேறு சில கட்டிகள் எம்ஐடிஎஃப்பை மிகுதியாக்கிக்கொண்டு தப்புவதும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். ஒரே காரணியின் இரு எதிர்த்திசைகளிலும் தப்பும் வழி இருக்கும்போது ஒற்றை மருந்தால் இரண்டையும் அடைக்க இயலாது. மேலும் நொதிகளைப்போல் மருந்து மூலக்கூறு பொருந்திக்கொள்ளத்தக்க பள்ளம் படியெடுத்தல் காரணிகளில் பெரும்பாலும் இல்லை.

மரபுவழியாக வரும் ஆபத்தும் உண்டு. 318ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் அமையும் மாற்றம் மெலனோமாவுக்கும் சிறுநீரகப் புற்றுக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2011இல் கண்டறியப்பட்டது. எம்ஐடிஎஃப்பை மட்டுப்படுத்தும் சூமோ என்னும் சிறு புரதம் ஒட்டுவதை இம்மாற்றம் தடுக்கிறது.

நோயறிதலில் இக்காரணிகள் ஏற்கெனவே பயன்படுகின்றன. நிறமற்ற மெலனோமாவை நுண்ணோக்கியில் வேறு புற்றுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். திசுத்துண்டில் எம்ஐடிஎஃப் அல்லது சாக்ஸ்10 சாயமேற்றிக் காணப்பட்டால், கட்டி எம்மரபினது என்பதற்கு அது வலுவான குறிப்பாகும்.

இந்தியாவில்

கருநிறத் தோலுடைய மக்களிடையே வெயிலால் வரும் மெலனோமா அரிது, இந்தியாவிலும் அவ்வாறே. வருவது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலும், வாய், மலக்குடல் போன்ற சளிச்சவ்வுகளிலும் ஆகும். இவ்வகையில் பிராஃப் மாற்றம் குறைவு; மரபணுக்கள் பல படிகளாகப் பெருகுவது மிகுதி. யமேக்கப் பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய இத்தகைய மெலனோமாவால்தான். உள்ளங்காலின் கரும்படலம் முள் குத்திய வடு, ஆணி, செருப்புக் காயம் என்று கருதிக் காலங்கடத்தப்படுவதால் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருவோர் பலர். கருத்த தோலுடையோர் நகங்களில் கருங்கோடு இயல்பாகவே காணப்படுவதுண்டு. ஒரு நகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றி அகலும் கோடு, விளிம்பு ஒழுங்கற்றுப் பரவும் உள்ளங்கால் கறை, ஆறாத கரும்புண் ஆகியவற்றைத் திசுச்சோதனை செய்து பார்க்க வேண்டும்.

நாய்களில்

நாய்களிலும் மெலனோமா உண்டு. அதன் கொடிய வகை பெரும்பாலும் வாயில் தோன்றுகிறது. வெயிலோடு தொடர்பற்றதாயிருப்பதால் மனிதரின் சளிச்சவ்வு மெலனோமாவை ஆராய இது ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது. எம்ஐடிஎஃப்பால் இயக்கப்படும் டைரோசினேசைக் குறிவைத்து ஆக்கப்பட்ட ஒரு டி.என்.ஏ. தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 2007இல் நிபந்தனையுடனும் 2010இல் முழுமையாகவும் உரிமம் வழங்கப்பட்டது. மனிதரின் டைரோசினேசு மரபணுவை நாய்க்குச் செலுத்தி, அதன் எதிர்ப்பாற்றலைக் கட்டியின் டைரோசினேசுக்கு எதிராகத் திருப்புவதே இதன் உத்தி. பயன் எவ்வளவு என்பதில் கால்நடை மருத்துவரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இராசபாளையம் போன்ற வெள்ளை நாய்களுக்குத் தோலில் உள்ள ஆபத்து வேறு. மெலனின் குடை இல்லாத இளஞ்சிவப்பு மூக்கும் முடி குறைந்த வயிற்றுத் தோலும் வெயிலில் வெந்து, நாளடைவில் செதிளணுப் புற்றோ இரத்தக்குழாய்ப் புற்றோ தோன்றலாம். இவை நிறமியணுவில் பிறப்பவையல்ல; நிறமியணு இல்லாத இடத்தில் மற்ற அணுக்கள் அடையும் கேடு. நண்பகல் வெயிலில் நாயைக் கட்டிவைக்காமல் நிழல் கொடுப்பதும், மூக்கில் ஆறாத பொருக்கு கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும் இதற்குப் போதுமான முன்னெச்சரிக்கைகள்.